திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தட்டச்சுப் பள்ளி வரை

முந்திரி என்றதும் இன்று எல்லோருக்கும் பாயசம்தான் நினைவுக்கு வரும். 200 ஆண்டுகளுக்கு முன்பு திண்ணைப் பள்ளியில் படித்த ஒரு தமிழ்ச் சிறுவனுக்கு அது ஒரு எண். ஒன்றை 320 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி (160-இல் 1). இரண்டு அரைக்காணி ஒரு காணி (80-இல் 1). இரண்டு காணி அரைமா, இரண்டு அரைமா ஒரு மா (20-இல் 1). மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 16-இல் 1. இவை அத்தனையும் பத்து வயதுக்குள் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். தப்பினால் பிரம்பு!

ஏன் 320? 320-ஐ 16-ஆலும் வகுக்கலாம், 20-ஆலும் வகுக்கலாம், மீதி வராது. காசு பெரும்பாலும் பதினாறில் கணக்கிடப்பட்டது. நிலத்தில் மா, காணி என்று இருபதின் கணக்கு நடந்தது. மாகாணியில் ஒரு மா பங்கு எவ்வளவு என்று கேட்டால் சரியாக ஒரு முந்திரி. அறுவடைக் களத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு சர்க்காருக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, தச்சனுக்கும் வண்ணானுக்கும் இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிற இடத்தில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. தலைக்குள்ளேயே கணக்கு ஓடியாக வேண்டும். அதற்காகவே செய்யப்பட்ட கல்வி அது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று அந்தப் பள்ளிகளின் வாய்ப்பாட்டுச் சுவடிகளின் பெயர்களே போதும். எண்களுக்கு ஒன்று, நெல் அளக்க ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று, நிலத்தின் பரப்பு காண ஒன்று. படித்து முடித்தவன் கணக்கப்பிள்ளை ஆனான், இல்லையென்றால் கடையில் உட்கார்ந்தான்.

"கல்வி காலத்துக்கு ஏற்ப மாறுகிறது" என்று பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் காலம் என்பது யார்? சம்பளம் கொடுப்பவர்தானே? சென்னை மாகாணத்தின் கடந்த 200 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், வேலை கொடுப்பவர் மாறியபோதெல்லாம் பாடமும் மாறியிருக்கிறது. பள்ளியின் வாசல் மட்டும் அப்படிச் சுலபமாகத் திறக்கவில்லை. அதற்கு வேறு காரணங்கள் தேவைப்பட்டன.

முதலில் திண்ணைப் பள்ளி எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, பரப்பிய மணல். சின்னப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவார்கள். கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். வாத்தியாரால் எல்லோரையும் பார்க்க முடியாது என்பதால் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை ஆவான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், வரிசையாக நிறுத்தி ஒப்பிக்க வைப்பதும், சமயத்தில் அடிப்பதும் அவன்தான். பெல்லாரி மாவட்டக் கலெக்டர் கேம்ப்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்குப் பூஜ்யம், அதாவது பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருபவனின் கதியை நினைத்துப் பாருங்கள்.

அந்த அறிக்கையை எழுத வைத்தவர் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-இல் எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு போனது: உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, ஆணா பெண்ணா என்று எண்ணி அனுப்புங்கள். பதில்கள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826-இல் மன்றோ தொகுத்த கணக்குப்படி மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். பள்ளிகள் 12,498. மாணவர்கள் 1,88,650. வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் பள்ளி வயதுப் பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏதோ ஒரு வகையில் படிக்கிறார்கள் என்று அவர் மதிப்பிட்டார். நம் நாட்டோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளில் அண்மைக் காலம் வரை இல்லாத அளவு என்பது அவருடைய கருத்து.

இந்தக் கணக்கு பின்னாளில் பெரிய சண்டைக்குக் காரணமானது. காந்தியவாதியான தரம்பால் 1983-இல் இந்த ஆவணங்களைத் திரட்டி ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். பிராமணர்கள் மட்டும்தான் படித்தார்கள் என்ற எண்ணத்தை அது உடைத்தது. தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பெரும்பான்மையான மாணவர்கள் "சூத்திரர் மற்றும் பிற சாதியார்" என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறார்கள். ஆகவே வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லோரும் படித்தார்கள் என்று ஒரு சாரார் சொல்லத் தொடங்கினார்கள். அதே அட்டவணையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540. நூற்றுக்கு மூன்று கூட இல்லை. நிலம் வைத்திருந்தவர், வியாபாரம் செய்தவர், கைத்தொழில் கணக்குப் பார்த்தவர் ஆகியோரின் பிள்ளைகள் திண்ணையில் ஏறினார்கள். அந்த நிலத்தில் கூலியாக உழைத்த சேரிக் குடும்பத்துப் பிள்ளை பெரும்பாலும் ஏறவில்லை. களத்தில் நெல் அளந்தவனுக்குக் கணக்குத் தெரிந்தது. நெல்லை அறுத்தவனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அந்த அட்டவணையை மேற்கோள் காட்டுவது நியாயம் ஆகாது.

இங்கே ஒரு வேடிக்கையும் நடந்தது. மன்றோவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே திண்ணைப் பள்ளி கப்பல் ஏறிவிட்டது!

1789-இல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதி ஒன்று தொடங்கப்பட்டது. ஐரோப்பிய சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அதன் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்று கைவிரிக்க, ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துவிட்டான். 1797-இல் பெல் இங்கிலாந்தில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது அங்கே பரவியது.

ஏன் பரவியது என்பதுதான் முக்கியம். அது இங்கிலாந்தில் நூற்பாலைகள் பெருகிய காலம். நகரங்களில் ஏழைப் பிள்ளைகளின் கூட்டம். அவர்களுக்குக் கொஞ்சம் எழுத்தும், கொஞ்சம் கணக்கும், நிறைய ஒழுங்கும் வேண்டும், செலவு மட்டும் ஆகக்கூடாது. ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சட்டாம்பிள்ளைகள் உருவானார்கள். (ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.) களத்துமேட்டுக் கணக்குக்காக உருவான ஒரு முறை, ஆலைச் சங்குக்குப் பிள்ளைகளைப் பழக்கப் பயன்பட்டது. பிறகு அதே முறை மிஷனரி பள்ளிகள் வழியாக இங்கேயே திரும்பி வந்தபோது, பக்கத்துத் தெருத் திண்ணை வாத்தியாரைப் பழைய பஞ்சாங்கம் என்றார்கள்.

அதே எழும்பூர் விடுதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது முதலில் சேர்ந்த எட்டுப் பையன்களை அங்கிருந்துதான் எடுத்தார்கள். கம்பெனிக்கு நிலவரி வேண்டும், வரிக்கு அளவு வேண்டும், அளவுக்கு ஆள் வேண்டும். அந்தப் பள்ளி வளர்ந்துதான் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது.

இனி திண்ணைப் பள்ளிக்கு என்ன ஆனது? யாரும் அதைப் பூட்டவில்லை. மன்றோவே அதைக் கெடுக்க வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் இருந்தார். திண்ணை வாத்தியார் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, இந்தக் காசுக்கு நல்ல ஆசிரியர் எப்படிக் கிடைப்பார் என்று அவர் கவலைப்பட்டார். மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் அரசுப் பள்ளிகள் வேண்டும் என்று திட்டம் போட்டார். 1827-இல் காலரா அவரைக் கொண்டுபோனது. திட்டமும் பத்து ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது. 1835-இல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. பள்ளி மேடைகளில் மெக்காலேயைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் குறிப்பைவிட அதிக வேலை செய்தது 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் வெளியிட்ட அறிவிப்பு. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றார் அவர். அவ்வளவுதான். முந்திரியும் மாகாணியும் கற்ற பிள்ளைக்குக் கிராமக் கணக்கு வேலைதான். ஆங்கிலம் கற்ற பிள்ளைக்குக் கலெக்டர் கச்சேரி. எந்த அப்பா எதைத் தேர்ந்தெடுப்பார்?

1841-இல் சென்னையில் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கியது பின்பு மாநிலக் கல்லூரி ஆனது. 1842-இல் பச்சையப்பன் அறக்கட்டளையின் பள்ளி திறந்தது. 1854-இல் உட்டின் அறிக்கை அரசு ஆய்வுக்கு உட்பட்ட பள்ளிகளுக்கு மானியம் என்றது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வுதான் குமாஸ்தா வேலையின் நுழைவுச்சீட்டு. திண்ணைப் பள்ளிகள் மெல்ல மெல்ல மானியப் பள்ளிகளாக மாறின, அல்லது காணாமல் போயின. ஓலை போய்ச் சிலேட்டு வந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஆண்டு 1886. இந்தியாவின் முதல் வணிகப் பள்ளியை அந்த ஆண்டில் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் தொடங்கினார்கள். துறைமுகமும் ரயிலும் வங்கிகளும் வந்துவிட்டன. ஏற்றுமதி ஆபீஸ்களுக்குப் பேரேடு எழுதத் தெரிந்தவர்களும், ஆங்கிலத்தில் வியாபாரக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களும் தேவைப்பட்டார்கள். சட்டமும் இலக்கியமும் சொல்லிக் கொடுத்த கல்லூரிகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. கணக்குப் பதிவியல் பட்டப் படிப்பாக மாற மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. (பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரி வந்தது 1913-இல்தான்.) ஒரு விதத்தில் பச்சையப்பன் பள்ளி பழைய எண்சுவடியின் பேரன் எனலாம். பற்று வரவு மட்டும் ஆங்கிலத்தில்.

இந்தக் குமாஸ்தா உலகத்துக்குள் ஒரு இயந்திரம் நுழைந்தது. அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி 1870-களில் தட்டச்சு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகு இந்திய ஆபீஸ்களில் அது இல்லாத இடம் குறைந்துகொண்டே வந்தது. பள்ளியும் கல்லூரியும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில் முளைத்ததுதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்.

தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு இருந்த ஊரிலெல்லாம் மாடியில் ஒரு இன்ஸ்டிட்யூட் இருந்தது. பத்துப் பதினைந்து இயந்திரங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூட்டம், வாசலில் செருப்புக் குவியல், தெருமுனை வரை கேட்கும் சடசட சத்தம். முதல் நாள் எல்லோருக்கும் ஒரே பாடம்: ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். பிறகு விசையைப் பார்க்காமல் அடிக்க வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் வருகிற அந்தப் பழுப்பு நரி வாக்கியத்தை எத்தனை லட்சம் முறை அடித்திருப்பார்களோ! ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45 சொல். கூடவே சுருக்கெழுத்தும் முடித்தால் ஸ்டெனோ. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பிங் ஹையரும் முடித்த பிள்ளை என்றால் கல்யாணச் சந்தையிலும் மதிப்பு கூடியது.

திண்ணைப் பள்ளியோடு இதை ஒப்பிட்டால் ஒற்றுமைகள் தெரியும். ஒரே ஓர் ஆசிரியர், எல்லா நிலை மாணவர்களும் ஒரே அறையில், மூத்த மாணவர் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பது, விரலால் கற்பது, மாதக் கட்டணம், நேராக வேலைக்குப் போகும் படிப்பு. வேற்றுமை ஒன்று உண்டு, அது பெரியது. இன்ஸ்டிட்யூட்டில் ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் உட்கார்ந்தார்கள். காசு கட்டிய யாரும் உள்ளே வரலாம், சாதி கேட்கும் வழக்கம் இல்லை. ஆனால் அங்கே சேர எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்திருக்க வேண்டுமே! அங்கேதான் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

வாசலைத் திறக்கும் வேலையை இயந்திரம் செய்யவில்லை. 1894-இல் ஆல்காட் அடையாற்றில் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு ஆகக்கூடாது என்பது கட்டுப்பாடு. சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. சுதந்திரம் வந்தபோது மாகாணத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் 1953-இல் ராஜாஜியின் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதி நாள் மட்டும் வகுப்புக்கு வந்தால் போதும். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அரசின் பக்கத்தில் காரணங்கள் இருந்தன. கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஏட்டுப் படிப்பு மட்டும் படித்தவன் தொழிலை மறந்துவிடுகிறான் என்ற வாதமும் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் கல்வியையும் தொழிலையும் இணைக்கும் நவீனத் திட்டம் போலவே தெரியும்.

ஆனால் "பெற்றோரின் தொழில்" என்ற சொல்லில்தான் சிக்கல். வக்கீல் பிள்ளை மாலையில் வீட்டில் வக்கீல் தொழிலைக் கற்கட்டும், நல்லது. மலம் அள்ளுபவரின் பிள்ளை என்ன கற்கும்? செருப்புத் தைப்பவரின் பிள்ளை? இந்த நாட்டில் தொழில் என்பது பிறப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது, தொழிற்கல்வி என்று பெயர் வைத்தாலும் அது சாதிக் கல்விதான். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. மாநிலம் முழுக்கப் போராட்டங்கள் வெடித்தன. காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகிக் காமராஜர் முதல்வரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

ஓராண்டு கூட முழுமையாக ஓடாத ஒரு திட்டத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று கேட்கலாம். தேவைதான். திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து பாடம் வேலையைப் பின்தொடர்ந்தது. யாருடைய பிள்ளைக்கு எந்த வேலை என்ற கேள்வி நேருக்கு நேராக அரசாங்கத்தின் முன் வைக்கப்பட்டுப் பதில் சொல்லப்பட்டது 1954-இல்தான். 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். பசியோடு இருந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு வரவழைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டது. இதில் எந்தத் தொழில்நுட்பப் புரட்சியும் இல்லை. அரிசியும் பருப்பும் அரசு ஆணையும்தான்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் ஒரு சாவு நடந்தது, யாரும் அழவில்லை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா என்பது மாறி 100 நயா பைசா ஆனது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மரக்காலும் படியும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. பதினாறு போனதும் மாகாணிக்கு வேலை இல்லை. மாவும் முந்திரியும் பாடப் புத்தகத்திலிருந்து உதிர்ந்தன. பல நூற்றாண்டுகளாகப் பிள்ளைகள் அடி வாங்கி மனப்பாடம் செய்த வாய்ப்பாடு ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிட்டது. இன்று காலும் அரையும் முக்காலும்தான் மிச்சம். "இம்மியளவும் நகரவில்லை" என்கிறோம். இம்மி என்பதும் ஒரு பின்னம்தான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததும் இன்ஸ்டிட்யூட்டுகளில் தமிழ் இயந்திரங்கள் பெருகின. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930-களிலேயே தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்துவிட்டார். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவது லேசான காரியமா? கொம்பு, கால், சுழி என்று எழுத்தை உடைத்துத்தான் அடக்க முடிந்தது. சர்க்கார் கோப்பு தமிழுக்கு மாறியபோது தமிழ் தட்டச்சு தெரிந்த பெண்களுக்கும், கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களுக்கும் தாலுகா ஆபீஸ் கதவு திறந்தது. ஆங்கிலம் என்ற தடையை ஓரளவு தாண்ட முடிந்த வேலை அது. சட்டமும் சோறும் இயந்திரமும் ஒரே இடத்தில் சந்தித்தது இங்கே மட்டும்தான் போலும்.

பிறகு கம்ப்யூட்டர். 1980-களில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறந்தன. 1990-களில் என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ. போர்டுகள் ஊர்தோறும் தொங்கின. டைப்ரைட்டிங் மாடிகளில் பல, போர்டை மட்டும் மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டர் ஆயின. கல்லூரிப் பாடத்திட்டக் குழு கூடி முடிவெடுப்பதற்குள் தெருவில் வகுப்பு தொடங்கிவிடுவது 1886-இலும் நடந்தது, 1990-களிலும் நடந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. பழைய தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்களோ தங்கள் விரல்கள் கற்ற வரிசையை விட மறுத்தார்கள். கணினியிலும் பழைய தட்டச்சு முறையையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சு இயந்திர உற்பத்தியை 2009 வாக்கில் நிறுத்திவிட்டது. ஆனால் தொழில்நுட்பக் கல்வித் துறையின் ஜூனியர், சீனியர் தேர்வுகளுக்கு 2020-களிலும் பெருங்கூட்டம் வந்தது. தேர்வாணையத்தின் குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், அதோடு ஆபீஸ் ஆட்டோமேஷன் என்ற கணினிச் சான்றிதழும் வேண்டும். தயாரிப்பே நின்றுபோன இயந்திரத்தைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து, உதிரி பாகங்களை உடைந்த இயந்திரங்களிலிருந்து கழற்றிப் பூட்டி, இன்ஸ்டிட்யூட்டுகள் வகுப்பு நடத்தின. கட்டணம் கட்டி வந்து உட்கார்ந்தவர்களில் பெண்கள் நிறைய. அவர்களில் பலருடைய பாட்டிகள் எந்தத் திண்ணையிலும் ஏறியதில்லை.